ரெண்டாவது டீ

தரையிலயே உக்காந்துக்கறேன்னு சொன்னா எந்த வீட்டுலயும் நம்ப மாட்டாங்க. இந்தப் பொண்ணும் நம்பல. ஜெசிந்தான்னு பேரு, இன்னாசி ஐயாவோட ஒரே மக, ஓசூர்லேர்ந்து பஸ்ஸப் புடிச்சு வந்திருக்கு, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, பிளாஸ்டிக் சேர இழுத்துட்டு வந்து, "அண்ணே, இதுல உக்காருங்க, தரை சில்லுனு இருக்கு"ன்னு நிக்குது. நான் பணிவுக்குத் தரையில உக்காந்திருக்கேன்னு அதுக்கு நெனப்பு. பணிவாவது ஒண்ணாவது. கேஸு காத்த விட கனம், ஒழுகுச்சுன்னா தரையிலதான் வந்து படுக்கும், சேர்ல ஏறி உக்காந்தா என் மூக்கு ஒரு பக்கம், கேஸு ஒரு பக்கம், ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. இத நான் யாருக்கும் வெளக்கறதில்ல. பணிவான ஆளுன்னு நெனச்சுட்டுப் போகட்டுமே, எனக்கென்ன நஷ்டம். "எனக்கு இதான் தோதும்மா"ன்னு சொல்லி செவுத்துல முதுகச் சாச்சுட்டேன். பொன்மலைப்பட்டியில எல்லாம் இந்த மாதிரி பழைய வீடுதான், சுண்ணாம்பு சட்டையில ஒட்டும், ஒட்டட்டும். இங்கேருந்து பாத்தா இன்னாசி ஐயா முட்டிக்குக் கீழதான் தெரியறாரு. கைலிக்குக் கீழ ரெண்டு காலு, நரம்பு முறுக்கிக்கிட்டு, அதுக்குப் பக்கத்துல செவப்பு சிலிண்டரு, அதுலேர்ந்து மேல ஏறுற ஆரஞ்சு டியூபு. மேடைக்கு மேல என்ன நடக்குதுங்கறத காதாலதான் தெரிஞ்சுக்கணும். பாத்திரம் வச்ச சத்தம். தண்ணி ஊத்துன சத்தம். டீ போடறாரு. எனக்குத்தான். "வேலை பாக்க வந்தவன டீ குடுக்காம அனுப்பிச்சதா இந்த வீட்டுல சரித்திரமே இல்ல"ன்னுட்டாரு, குரல் அப்படியே வார்க்‌ஷாப் குரலு, பக்கத்துல மிஷின் ஓடறாப்ல கத்தித்தான் பேசறாரு. ரயில்வேல பாய்லர் பாத்தவரு. நீராவி போயி எத்தனையோ காலம் ஆச்சு, குரல் மட்டும் போகல.

வாசல்லயே அந்தப் பொண்ணு என்னை நிறுத்தி விசயத்தச் சொல்லிடுச்சு. "அண்ணே, மாடியில குடியிருக்கறவங்க மறுபடி மறுபடி சொல்றாங்க, படியெறங்கி வரும்போது கேஸ் வாசனை வருதாம். டியூப மாத்தியாச்சு, ரெகுலேட்டர மாத்தியாச்சு, வர்றவங்கள்லாம் பாத்துட்டு ஒண்ணும் இல்லங்கறாங்க, அவங்க போனதுக்கப்புறம் மறுபடி வாசனை. எனக்கு அங்க தூக்கமே வரல. நீங்க பாத்து, அடுப்பு சரியா இருக்குன்னு சொன்னீங்கன்னா அப்பா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா சாயங்கால வண்டிக்கு ரெண்டு டிக்கெட் போட்டு வச்சிருக்கேன், கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்." அப்புறம் உள்ள ஒரு பார்வை பாத்துட்டு, "அவருகிட்ட இன்னும் சொல்லல"ன்னுச்சு. அஞ்சாவது மாடியாம் ஓசூர் வீடு. பகல் பூரா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்களாம். நான் யோசிச்சுக்கிட்டே செருப்பக் கழட்டுனேன். ஆக அடுப்பு சரியான்னு என்னைக் கேக்கல. ஒரு மனுசன் எங்க இருக்கணும்னு கேக்குது. டாக்டர்கிட்ட கேக்கலாம், சாமியாருகிட்ட கேக்கலாம், கேஸ் அடுப்பு ரிப்பேர்காரன்கிட்ட வந்து கேக்குது. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா பொய் சொல்லக்கூடாது, பயத்துக்குக் கீழ சின்னதா ஒரு பெருமையும் இருந்துச்சு. துரைக்கண்ணு சொன்னா சரியா இருக்கும்னு யாரோ இந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்காங்கல்ல. "பாத்துடுவோம்மா"ன்னேன். பாத்தேன். எல்லாரும் செய்யற மாதிரி மொதல்ல அடுப்புல இருக்கற நாப் ரெண்டையும் ஆஃப் பக்கம் திருப்பிட்டு, சிலிண்டர் மேல இருக்கற மெயின திறந்து, சோப்பு நொரையக் கொழச்சு டியூபு நெடுக, ஜாயிண்ட்டு நெடுக, ரெகுலேட்டரு கழுத்துல எல்லாம் தடவினேன். ஒரு முட்டை கெளம்பல. ஒழுகினா நொரை முட்டை விடும். விடல. கல்லு மாதிரி இருக்கு. அப்ப வாசனை எங்கேருந்து வருது? மாடியில இருக்கறவங்க மூக்கு பொய் சொல்லுதா? மூக்கு பொய் சொல்லாது, அதுவும் வாடகைக்கு இருக்கறவன் மூக்கு. அதனாலதான் டீக்குச் சரின்னு உக்காந்துட்டேன். அடுப்பு எரியும்போது என்ன நடக்குதுன்னு பாக்கணும்.

லைட்டர் டிக்கு டிக்குன்னு அடிக்கிற சத்தம், பக்குனு பத்திக்கிச்சு. சட்டைப் பையிலயே லைட்டர வச்சிருக்காரு மனுசன், பேனா மாதிரி. இதுவரைக்கும் தரையில வாசனை இல்ல. இருக்கறது ஈரத்துணி வாசனை, வெங்காயத் தோல் வாசனை, என் விரல்ல சோப்பு வாசனை. சோப்பு வாசனை. காலையில பாலக்கரையில ஒரு வீட்டுல பர்னருக்குக் கேஸு பீச்சுற ஜெட்ட மாத்துனேனே, அந்த நட்ட முறுக்கினேனா? முறுக்கினேன். முறுக்கின மாதிரிதான் இருக்கு. ஸ்பேனர எடுத்தது ஞாபகம் இருக்கு, பையில போட்டது ஞாபகம் இருக்கு, நடுவுல முறுக்கினது மட்டும் ஞாபகத்துல இல்ல, கையி செஞ்ச வேலைய மனசு எங்க கவனிக்குது. அதுக்குத்தான் இந்த சோப்பு வாசனை. நட்ட முறுக்காம நான் நொரை தடவ மாட்டேன், நொரை தடவாம கெளம்ப மாட்டேன், ஆகவே விரல்ல வாசனை இருந்தா நட்டு முறுக்கியாச்சு, இங்க தடவின சோப்பும் அதுல கலந்திருக்குங்கறத கணக்குல சேக்கக்கூடாது. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு இப்படித்தான் படிப்படியா எழுதச் சொல்லுவாரு, ஆகவே, ஆகவே, ஆகவேன்னு. பகல்ல ஹோட்டல் அடுப்பெல்லாம் கழுவிட்டு, ராத்திரி அந்தக் கையோடயே பத்தாம் வகுப்பு புத்தகத்தப் புரட்டுனவன் நான், பக்கத்துக்குப் பக்கம் கரி. பாஸ் பண்ணேன். இங்கிலீசு மட்டும் என்னைப் பாவம்னு விட்டுச்சு, மத்ததெல்லாம் நானே வாங்கினது. வாயு பொருளுக்குத் தனக்குன்னு ஒரு உருவம் கெடையாதுன்னு வாத்தியாரு போர்டுல எழுதும்போது நான் சிரிச்சுட்டேன், ஏண்டா சிரிக்கிறன்னாரு, சார் எனக்கு அது வாசனையிலயே தெரியும் சார்னேன். ஆனா இப்ப ஒண்ணும் தெரியல. ஆகவே பாலக்கரை சரி. ஆகவே இந்த வீடு? டீத்தூளு போட்டுட்டாரு போல, வாசனை எறங்குது. இஞ்சி தட்டறாரு.

வயசானவங்க வீடுன்னா என் கூட தொழில் பண்றவங்க நைசா என் பக்கம் தள்ளி விட்டுடுவாங்க. "துரை, உன் ஆளுங்க கூப்புடறாங்க"ம்பாங்க. என் ஆளுங்களாம். ஆமா, என் ஆளுங்கதான். தில்லை நகர்ல விசாலாட்சியம்மா இருக்காங்க, பர்னர சுத்தம் பண்ணிப் போட்டா அடுத்த வாரமே போன் வரும், "நீ என் பர்னர எடுத்துட்டு எவ வீட்டு பர்னரயோ மாட்டிட்டுப் போயிட்டே, ஒழுங்கா என்னுத கொண்டா." சத்தியம் பண்ணிப் பாத்தேன், சண்டை போட்டுப் பாத்தேன். இப்ப என்ன பண்றேன்னா, மன்னிச்சுக்குங்கம்மான்னு சொல்லி அந்த பர்னர கழட்டி பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு மாடிப்படி எறங்கி, தெருவுல நின்னு ஒரு வெத்தலையப் போட்டுட்டு, அதையே மறுபடி கொண்டு போயி மாட்டுவேன். கையில வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதான் என்னுது. பாத்தியா, எப்படி பளிச்சுனு இருக்கு. அந்தத் திருட்டுக் கழுதைகிட்ட இனிமே குடுக்காத"ம்பாங்க. அந்தத் திருட்டுக் கழுதை யாருன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. அவளால எனக்கு நல்ல பேரு. அதவிட ரஹமத்துல்லா சாரு. அவரு வீட்டுக்கு எப்ப போனாலும் என்னைப் புது ஆளுன்னுதான் நெனைப்பாரு. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே, "தம்பி, தப்பா எடுத்துக்காத, போன தடவ ஒருத்தன் வந்தான், அவன் வேலைக்காரன்யா. பேசவே மாட்டான், தரையில உக்காந்தான், ஒரே நிமிசத்துல கண்டுபுடிச்சான். நீயும் செய்யற, இல்லங்கல. ஆனா அவன மாதிரி வராது"ம்பாரு. அந்த ஆளு நான்தான் சார்னு மொதல்ல சொல்லிப் பாத்தேன். என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "அவன் இன்னும் கொஞ்சம் உசரம்"னாரு. அப்புறம் விட்டுட்டேன். ஆனா ஒண்ணு, அந்த ஆளு மேல எனக்குப் பொறாமையா இருக்கு. அவன விட நல்லா செய்யணும்னே அந்த வீட்டுல ரெண்டு மடங்கு வேலை செய்வேன். அடுத்த தடவ போனா அதுவும் அவன் கணக்குலதான் சேந்திருக்கும். மனுசன் தனக்குத் தானே போட்டின்னா எங்க போயி ஜெயிக்கிறது. ஊருல எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும், தன்னைப் பத்தித் தன் மூஞ்சிக்கு நேராவே, முகஸ்துதி இல்லாம, இன்னொருத்தனப் பத்திச் சொல்ற மாதிரி கேக்கறதுக்கு.

கொதிக்குது. பாத்திரத்த எறக்கி வச்ச சத்தம். இப்ப காலு ரெண்டும் கொஞ்சம் வளையுது, ஒரு கை கீழ வருது, வந்து ரெகுலேட்டரப் புடிச்சு மூடுது. அடேயப்பா. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. அடுப்புல அணைக்கல, சிலிண்டர்லயே அணைக்கிறாரு! மூடிட்டு உடனே நகரவும் இல்ல, நிமிந்து நிக்கிறாரு, டியூபுல மிச்சம் இருக்கற கேஸு எரிஞ்சு தீருறவரைக்கும் நின்னு பாக்கறாரு, தீ சுருங்கி சுருங்கி ஒரு சின்ன 'பக்'குல போறது எனக்குத் தரையிலயே கேட்டுச்சு. "லைன்ல எப்பவும் மிச்சம் வைக்கக்கூடாது"ன்னாரு, யாருக்கோ சொல்ற மாதிரி. எத்தனை வீட்டுல எத்தனை பேருகிட்ட கெஞ்சியிருப்பேன், வேலை முடிஞ்சா மெயின மூடுங்க, மெயின மூடுங்கன்னு, ஒரு ஆளு கேட்டதில்ல. இதோ ஒருத்தரு, இன்னிக்கு என்ன கெழமைன்னு கேட்டா மகள திரும்பிப் பாக்கறாரு, ஆனா மெயின மூட மறக்கல. கையி மறக்கல. டம்ளர என் பக்கத்துல தரையில வச்சாரு. குடிச்சேன். இஞ்சியும் சர்க்கரையும் சண்டை போட்டு சர்க்கரை ஜெயிச்ச டீ. குடிச்சுக்கிட்டே மனசுக்குள்ள எழுதி முடிச்சுட்டேன், அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போறேன்னு. அம்மா, உங்க அப்பா கையில இந்த அடுப்பு உங்க கையில இருக்கறத விட பத்திரமா இருக்கு. டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க. நல்லா இருந்துச்சு வாக்கியம். எந்திரிச்சுப் போயிச் சொல்லணும். ஆனா எந்திரிக்கல. வாசனை எங்கேருந்து வந்துச்சுங்கறதுக்கு என்கிட்ட பதில் இல்ல, பதில் இல்லாத எடத்துலேர்ந்து எந்திரிச்சா வீட்டுல போயி முதுகு குத்தும். முன்னாடி வந்தவங்களும் இங்கதான் நின்னிருப்பாங்க, சோப்பு தடவியிருப்பாங்க, டீ குடிச்சிருப்பாங்க, போயிருப்பாங்க. டம்ளர் காலி. அந்தப் பொண்ணு முன் ரூம்ல துணி மடிக்கிற சத்தம். யாரு துணிய மடிக்குது? அவரோட சட்டையத்தான்னு தோணுச்சு. பையில வைக்குது.

இன்னாசி ஐயா ஜன்னல் பக்கம் ஒரு நடை போயிட்டுத் திரும்பி வந்தாரு. என்னைப் பாத்து நின்னாரு. "எப்பப்பா வந்த? சும்மா உக்காந்திருக்கியே, இரு, ஒரு டீ போடறேன்." நான் வாயத் திறந்தேன், இப்பதான் குடிச்சேன்யான்னு சொல்ல. சொல்லல. ஏன்னு தெரியல, விசாலாட்சியம்மா வீட்டுப் பழக்கமா இருக்கலாம், இல்லன்னு சொல்லாத பழக்கம். பாத்திரம் வச்சாரு, தண்ணி ஊத்துனாரு. கை கீழ வந்துச்சு, ரெகுலேட்டரத் திறந்துச்சு, மேல போச்சு, சட்டைப் பையத் தடவுச்சு போல. காலு திரும்புது. "இங்கதானே வச்சேன்"ங்கறாரு. லைட்டரு இல்ல. காலு ரெண்டும் வாசப்படியத் தாண்டி அந்தப் பக்கம் போகுது. நான் மட்டும் இருக்கேன். அப்ப வந்துச்சு. மொதல்ல ஒரு நூலு மாதிரி, அழுகுன முட்டக்கோசு வாசனை, அப்புறம் ஒரு கயிறு மாதிரி, மேடையிலேர்ந்து வழிஞ்சு எறங்கி என் மூக்குக்கு நேரா வந்து படுக்குது. நாப். நாப் திறந்தே இருக்கு. மொத டீக்குத் திறந்தது. அவரு அத மூடவே இல்ல, மெயினத்தானே மூடினாரு, தீ போயிடுச்சு, தீ போனா வேலை முடிஞ்சுது, நாப் திறந்தபடியே நிக்குது, மெயின் மூடியிருக்கறவரைக்கும் ஒண்ணும் இல்ல, அடுத்த தடவ மெயினத் திறந்தா அந்த நொடியிலேர்ந்து கேஸு ஊத்துது, அவரு லைட்டரத் தேடப் போயிடறாரு. பழைய காலத்துல லைட்டரு கையிலயே இருந்திருக்கும், நாப்பயும் ஒரு தடவ தொட்டுப் பாத்திருப்பாரு. இப்ப லைட்டரு எங்க போகும்னு அதுக்கே தெரியாது. ஐயோ, வந்து பாத்த ஒவ்வொருத்தனும், நானும்தான், மொத வேலையா நாப்ப மூடிட்டுத்தானே சோதிச்சோம். கையோட குத்தத்த அழிச்சுட்டு குத்தத்தத் தேடினோம். ஒரு டீ குடிச்சுட்டுப் போனவனுக்கு இது தெரியவே தெரியாது. ரெண்டாவது டீயிலதான் இருக்கு வியாதி. கண்டுபுடிச்சுட்டேன்! ரஹமத்துல்லா சாரோட அந்த ஒசரமான ஆளு இதக் கண்டுபுடிச்சிருப்பானா? பெருமை நெஞ்சுல ஏறுது, கேஸு மூக்குல ஏறுது, முட்டாள், மொதல்ல மூடு. கைய நீட்டி மெயின மூடினேன். எட்டி ஜன்னல் கதவ முழுசாத் தள்ளி விட்டேன். திரும்பவும் தரையில உக்காந்தேன், ஒண்ணும் நடக்காத மாதிரி. நாப்ப மட்டும் தொடல. அவரு வச்சபடியே நிக்கட்டும்னு விட்டேன்.

வந்தாரு. லைட்டரு கெடைச்சுடுச்சு. அதுக்குள்ள காத்து வாரிக்கிட்டுப் போயிடுச்சு, நான் மோந்து பாத்துட்டேன். டிக்கு டிக்கு டிக்கு. பத்தல. டிக்கு டிக்கு. காலு வளைஞ்சுது, கை கீழ வந்துச்சு, ரெகுலேட்டரத் தொட்டுச்சு, அப்படியே நின்னுச்சு. "யாருடா என் மெயின மூடினது?" வீடே அதிர்ந்துச்சு. அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நீராவி ஓடுற எடத்துல ஒருத்தன் திறந்து வச்ச வால்வ இன்னொருத்தன் கேக்காம தொட்டா செத்தான், இல்ல சாகடிச்சான். "நான்தான் ஐயா." "என்னைக் கேட்டியா?" "கேக்கல." "ஏன் கேக்கல?" அதுக்குள்ள அந்தப் பொண்ணு மடிச்ச சட்டை ஒண்ணோட வாசப்படியில வந்து நின்னுடுச்சு, "என்னப்பா? என்னண்ணே?" இப்ப நான் என்ன சொல்றது? ரெகுலேட்டரு லூசுன்னு சொல்லலாம், புதுசு ஒண்ணு மாட்டலாம், அது நிம்மதியா ஓசூருக்குப் போகும், இவரும் நிம்மதியா இருப்பாரு, அடுத்த வாரம் ஒரு ரெண்டாவது டீ வரும், அப்ப நான் தரையில இருக்க மாட்டேன். இல்ல அந்தப் பொண்ண வெளிய கூப்பிட்டு காதுல சொல்லலாம், உங்க அப்பாவால முடியலம்மா, கூட்டிட்டுப் போங்க. அதுல பொய்யே இல்ல. ஆனா வால்வு யாருது? அவருது. அவரு வால்வுல நடந்தத அவருகிட்ட சொல்லாம அவரு பொண்ணுகிட்ட போயிச் சொன்னா நான் என்ன வேலைக்காரன்? எந்திரிச்சு நின்னேன். முட்டி ரெண்டும் சத்தம் போட்டுச்சு. "ஐயா, நாப் திறந்திருக்கு. நீங்க மெயினத் திறந்ததும் கேஸு தரைக்கு வந்துடுச்சு. அதான் மூடினேன்." அவரு அடுப்பக் குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "யாரு திறந்து வச்சது?" "நீங்கதான் ஐயா. மொத டீக்கு." "மொத டீயா?" தரையில டம்ளர் இருந்துச்சு, அடியில தூளு. அவரே பாத்தாரு. "குடுத்தேனா?" "குடுத்தீங்க." "சர்க்கரை?" "தூக்கல்." "தூக்கலாத்தான் இருக்கும்"னாரு. சிரிப்பு மாதிரி ஒண்ணு வந்துட்டுப் போயிடுச்சு. "மெயின மூடினேன்ல?" "மூடினீங்க. லைன் காலியாகறவரைக்கும் நின்னு பாத்தீங்க. நான் பாத்த வரைக்கும் திருச்சியில யாரும் அப்படிச் செய்யறதில்ல." இத நான் ஆறுதலுக்குச் சொல்லல, அவருக்கும் அது தெரிஞ்சுது. தலைய ஆட்டிக்கிட்டாரு. நாப்ப ஒரு விரலால திருப்பி மூடினாரு. மறுபடி திறந்தாரு. மறுபடி மூடினாரு. "அங்க பாய்லர்ல ரெண்டு பேரு இருப்போம். ஒருத்தன் மூடுவான், ஒருத்தன் மூடினதப் பாப்பான். அந்தோணி பாப்பான்." நாப்புலேர்ந்து விரல எடுத்தாரு. "இங்க நான் ஒருத்தன்தானே."

"அதுக்குத்தான்ப்பா சொல்றேன்"னு அந்தப் பொண்ணு ஆரம்பிச்சுது, "என்கூட வந்துடுங்கப்பா, இன்னிக்கே வந்துடுங்க, டிக்கெட் போட்டுட்டேன்." அவரு அது பக்கம் திரும்பவே இல்ல. அதோட கையில இருக்கற சட்டைய மட்டும் ஒரு தரம் பாத்துட்டு என்னைப் பாத்தாரு. அந்தப் பார்வைய எப்படிச் சொல்றது, நேத்து சாப்ட்டது தெரியாத மனுசன், ஆனா அந்த நிமிசத்துல ஒரு பாய்லருக்குப் பொறுப்பான ஆளு. "நீ சொல்லு. அந்தோணிக்குப் பதிலா ஏதாவது இருக்கா?" இருக்கு. இருக்குய்யா. என் வண்டி டப்பாவுல இருக்கு. ஒரு பேக்கரி அடுப்ப ஒடைச்சுப் போட்டப்ப தூக்கிப் போட மனசு வராம கழட்டி எடுத்து வச்ச வால்வு, ஒரு செம்புக் கம்பி வாலோட. அந்தக் கம்பியோட முனை தீயில சூடா இருக்கறவரைக்கும்தான் வால்வு திறந்திருக்கும், தீ போச்சுன்னா தானா பட்டுனு மூடிக்கும். அப்புறம் நாப் திறந்திருந்தா என்ன, மெயின் திறந்திருந்தா என்ன, ஒரு சொட்டு வராது. வீட்டு அடுப்புல யாரும் மாட்டறதில்ல, நானும் மாட்டினதில்ல. பொருந்துமா? மரை பொருந்துமா? பயம் வந்துச்சு, ஆனா நல்ல பயம், வேலைக்கு முன்னாடி வர்றது. "இருக்குய்யா, அந்தோணி மாதிரியே ஒண்ணு இருக்கு. மாட்டிப் பாத்துத்தான் சொல்லணும்"னேன். "மாட்டு"ன்னாரு.

அடுப்பக் கவுத்துப் போட்டு ஆரம்பிச்சேன். அவரு அந்தப் பொண்ணு கொண்டு வந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டாரு, கால் மேல கால் போட்டு. ரெண்டாவது பர்னர ஒரேயடியா அடைச்சேன், ஒரு ஆளுக்கு ஒண்ணு போதும். பழைய வால்வக் கழட்டினேன். மரை பொருந்தல. நடுவுல ஒரு துண்டு வச்சேன், ராவினேன், மறுபடி வச்சேன். "முறுக்காதடா ரொம்ப, பித்தளை, மரை போயிடும்"னாரு. "தெரியும் ஐயா"ன்னேன். "தெரிஞ்சா ஏன் முறுக்கற?" என்னை இப்படி மேல நின்னு யாராவது அதட்டி எத்தனை காலம் ஆச்சு, எல்லா வீட்டுலயும் பாத்து செய்யுங்கண்ணே, பாத்து செய்யுங்கண்ணேன்னு கெஞ்சறவங்கதான். இவரு எதப் பாக்கணும்னு தெரிஞ்சு பாக்கறாரு. நடுவுல ஒரு தரம், "நீ யாருப்பா?"ன்னாரு. "அடுப்பு ரிப்பேருக்கு வந்திருக்கேன்." "சரி, கம்பி முனைய தீக்கு நேரா நிறுத்து, சாச்சு வைக்காத." என்னை மறந்துட்டாரு, வேலைய மறக்கல, அது போதும் எனக்கு. கம்பிக்கு ஒரு தகட்டுல பிடி வளைச்சு நேரா நிறுத்தினேன். நொரை தடவினேன். முட்டை இல்ல. இப்ப சோதனை. நானே செய்யல. "ஐயா, நீங்க பத்த வையுங்க"ன்னேன், "நாப்ப அமுக்கிப் புடிச்சுக்கிட்டே பத்த வைக்கணும், முனை சூடாகறவரைக்கும் விடக்கூடாது." அமுக்கினாரு, பத்த வச்சாரு, உடனே கைய விட்டாரு. அணைஞ்சுபோச்சு. மறுபடி. மறுபடி விட்டாரு. "என்னடா இது, மொரண்டு புடிக்குது!" "உங்கள மாதிரிதான் ஐயா, அதுக்கும் கொஞ்சம் நேரம் வேணும்." அந்தப் பொண்ணு என் காதுகிட்ட வந்து, "பாத்தீங்களாண்ணே, மறந்துடறாரு, நாளைக்கு இதையும் மறந்துடுவாரு"ன்னுச்சு. "மறந்தா எரியாதும்மா. அவ்ளோதான் ஆகும். பசிச்சா மறுபடி அமுக்குவாரு." இந்தத் தடவ அமுக்குனவரு விடல, நான் சொல்லல, அவரா உதட்ட அசைச்சு எண்ணிக்கிட்டு நின்னாரு, எண்ணி முடிச்சு விட்டாரு. நின்னு எரிஞ்சுது. நீல நெருப்பு, ஒரு இதழ்கூட மஞ்சள் இல்ல. பாத்துக்கிட்டே நின்னோம்.

அப்புறம் அவரு வழக்கம்போல செஞ்சாரு. கை கீழ வந்துச்சு, மெயின மூடுச்சு, லைன் காலியாகறவரைக்கும் நின்னாரு, தீ போச்சு. உள்ள எங்கயோ டக்குனு ஒரு சத்தம், வால்வு மூடிக்கிச்சு. நாப் திறந்தபடியே. நான் தரையில படுத்தேன். உக்காரல, முழுசாப் படுத்தேன், கன்னத்த மொசைக் தரையில வச்சு. "திறங்கய்யா மெயின." திறந்தாரு. லைட்டரு எங்கன்னு சட்டைப் பையத் தடவுனாரு, காலு ரெண்டும் என்னைத் தாண்டி முன் ரூமுக்குப் போயிடுச்சு. போகட்டும், எவ்வளவு நேரம் வேணும்னாலும் தேடட்டும். அந்தப் பொண்ணு வாயில முந்தானைய வச்சுக்கிட்டு என்னையே பாக்குது, என் மூக்க. வரல. இன்னும் வரல. ஈரத்துணி, வெங்காயத் தோலு, சோப்பு. வரல. எழுபது வீட்டு சமையக்கட்டுல படுத்து எந்திரிச்ச மூக்கு இது, இதுக்குத் தெரியாம ஒரு நூலு கேஸு தாண்டிப் போகாது. வரவே இல்ல. "அண்ணே, சொல்லுங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு, "நீங்க சொல்றதுதான். சரியா?" நான் முன்னாடி எழுதி வச்சிருந்த நல்ல வாக்கியம் இப்ப நாக்குல வரல. "அடுப்பப் பத்தி மட்டும் சொல்றேம்மா. இந்த அடுப்பால இந்த வீட்டுக்கு ஒண்ணும் வராது. மாசா மாசம் நான் வந்து தரையில படுத்துப் பாத்துட்டுப் போறேன். மத்தத நீங்களும் அவரும் பேசிக்குங்க, அது என் வேலை இல்ல." அந்தப் பொண்ணு போன எடுத்துச்சு. அப்புறம் கொல்லப்பக்கம் போச்சு, போன்ல பேசறது தெளிவாக் கேட்டுச்சு, "ஒண்ண மட்டும் கேன்சல் பண்ணுங்க. இல்ல, என்னுது இல்ல, அப்பாவோடது. வந்து சொல்றேன். ஆமா, நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றேன்." இனிமே நான் எந்திரிக்கலாம். வண்டியில இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும். ஆனா கேஸு வாசனை இல்லாத தரையில ஒரு நிமிசம் கூடுதலாப் படுத்துக் கெடக்கறது எங்க தொழில்ல யாருக்கும் தெரியாத சொகம். இன்னாசி ஐயா லைட்டரோட வந்தாரு. வழியில குறுக்க நான். ஏன் படுத்திருக்கன்னு கேக்கல, எந்திரின்னு சொல்லல. இஞ்சினுக்கு அடியில ஒரு ஆளு வேலை பாத்துக்கிட்டிருந்தா எப்படித் தாண்டிப் போவாங்களோ அப்படி, கைலிய ஒரு கையால தூக்கிப் புடிச்சுக்கிட்டு, என்னைத் தாண்டி, கூடையிலேர்ந்து ரெண்டு வெங்காயத்த எடுத்து மேடையில வச்சு மதிய சமையலுக்கு நறுக்க ஆரம்பிச்சாரு.